பின்னட்டையில் இரண்டு வருடச் சிறை

ஆர்வில் டக்கெட் வாழ்நாளில் ஒரு கொசுவையாவது அடித்துக் கொன்றிருப்பாரா என்பது சந்தேகம். பங்கர் குன்றில் மிஸஸ் பிரிம்மரின் விடுதியில், மூன்றாம் மாடி அறையில், ஜன்னலில் ஓர் ஈ மாட்டிக்கொண்டால் அதைக் காகிதத்தில் ஏந்திக்கொண்டுபோய் வெளியே விடுவார். திரும்பி வந்து தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் நாலு பேரைச் சுட்டுத் தள்ளிவிடுவார்.

மனிதருக்கு வயிற்றுப்புண். மோர்தான் ஆகாரம். அவருடைய கதாநாயகனோ காலையில் வாய் கொப்பளிப்பதே விஸ்கியில். பெண்களோடு பேசும்போது ஆர்வில் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொள்வார். கதாநாயகன் பெண்களை அறையும்போது வாயிலிருக்கும் சிகரெட்டைக்கூட எடுப்பதில்லை. நெப்ராஸ்கா சோளக்காட்டிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்து பத்து வருடமாகியும், இருட்டிய பிறகு மெயின் தெருவில் நடப்பதற்கு அவருக்குத் துணை வேண்டும். அந்தத் தெருவின் ஒவ்வொரு சந்திலும் அவர் ஒரு பிணத்தைப் போட்டிருந்தார்.

நான் அப்போது ஒரு மாலைப் பத்திரிகைக்காகக் காவல் நிலையச் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிருபர்கள் அறைக்கு ஆர்வில் வாரம் ஒருமுறை வருவார், எங்களுக்கெல்லாம் டோனட் வாங்கிக்கொண்டு. ஆராய்ச்சியாம்.

"தோட்டா பட்டவன் முன்னால விழுவானா, பின்னால விழுவானா?" என்று கேட்பார்.

"கீழ விழுவான்," என்போம். நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

அவர் எழுதியது ‘நள்ளிரவுத் தோட்டா’ என்ற மாத இதழில். ஆனால் அதில் ஆர்வில் டக்கெட் என்ற பெயரை நீங்கள் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது. கதைகளுக்கு மேலே இருந்த பெயர் ஸ்லேட் டர்கன். அப்படி ஓர் ஆள் பிறக்கவே இல்லை. பால் கம்பெனிக்குப் புட்டியில் ஒட்டிய பசுமாட்டுப் படம் எப்படிச் சொந்தமோ, அப்படி அந்தப் பெயர் பதிப்பாளர் லைல் குரோகெட்டுக்குச் சொந்தம். யார் எழுதிக் கொடுத்தாலும் மேலே டர்கன்தான்.

இல்லாத மனிதருக்கு ஒரு வாழ்க்கைக் குறிப்பு மட்டும் இருந்தது. இதழின் கடைசிப் பக்கத்தில் அது மாதாமாதம் வரும். அதில் ஆளுக்கொரு வேலையைச் சேர்ப்பது டர்கன் பெயரில் எழுதுகிறவர்களின் வழக்கம். அப்படியாக அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், குத்துச்சண்டை போட்டார், கப்பலில் கரி அள்ளினார், திமிங்கலம் பிடித்தார், மெக்சிகோவில் கூலிப்படையில் சேர்ந்து மூன்று இடத்தில் குண்டடி பட்டார். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் டர்கனுக்கு நூற்று நாற்பது வயதாவது ஆகியிருக்க வேண்டும். யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

இந்தத் தொழிலில் அதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. சொந்தப் பெயரில் எழுதியவர்களுக்கும் அதே சட்டம்தான். சூதாடிகளைப் பற்றி எழுதி நொறுக்கியவர் ஒரு பல் மருத்துவரின் உதவியாளர். பின்னட்டையில் அவர் ரீனோவில் மூன்று கிளப்புகளுக்கு முதலாளி. ஒரே ஒருவர் மட்டும் உண்மையைப் போடச் சொன்னார்: ‘இவர் ஒரு பள்ளி ஆசிரியர்.’ அவர் புத்தகம் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தது.

ஆர்விலுக்கு ஒரே ஓர் ஆசை. ஒரு புத்தகம், ஒரே ஒரு புத்தகம், தன் பெயரில் வர வேண்டும். நெப்ராஸ்காவில் அவருடைய அம்மா, புத்தகமும் விற்கும் மருந்துக்கடைக்குப் போகும்போதெல்லாம் புத்தகத் தட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எம் பையன் எழுதினது வந்திருக்கா?" என்று கேட்கிறாராம். கடைக்காரர் இல்லை என்கிறாராம். அம்மா இப்போது மகன் லாஸ் ஏஞ்சல்ஸில் வேறு என்னவோ தொழில் செய்கிறான் என்று சந்தேகப்பட ஆரம்பித்திருந்தார்.

ஆகவே முதல் முழு நாவலை எழுதி முடித்ததும் – ‘என் சவப்பெட்டியில் இடம் இல்லை’ என்பது அதன் பெயர் – ஆர்வில் அதைத் தூக்கிக்கொண்டு குரோகெட்டைப் பார்க்கப் போனார். தைரியத்துக்கு என்னையும் அழைத்துக்கொண்டார்.

குரோகெட் பருத்த ஆள். நாற்காலி அவரைச் சகித்துக்கொண்டிருந்தது.

"உன் பேரா? ஆர்வில் டக்கெட்டா? அது யாருய்யா, ஞாயித்துக்கிழமை பசங்களுக்கு நோவாவோட கப்பல் கதை சொல்றவரா?"

"நான்தானே லைல் எழுதினேன்?"

"அது எனக்குத் தெரியும். வாங்கறவனுக்குத் தெரியக் கூடாது." குரோகெட் சுருட்டைக் கடித்தார். "சரி, பேரைக்கூடப் போட்டுடலாம். பின்னட்டையில என்ன போடறது? என்னென்ன வேலை பாத்திருக்கே?"

"தானியக் கிடங்குல எடை போட்டேன். அப்புறம் விதைக் கம்பெனியில குமாஸ்தா."

குரோகெட் கண்ணை மூடிக்கொண்டார்.

"துறைமுகத்துல மூட்டை தூக்கினேன்னு போடலாமா?" என்றார் ஆர்வில்.

"டர்கன் தூக்கிட்டான்."

"குத்துச்சண்டை?"

"டர்கன்."

"கப்பல்ல கரி?"

"டர்கன் ரெண்டு தடவை அள்ளிட்டான். நீயேதான் ஒரு தடவை அள்ள வச்சே." குரோகெட் திடீரென்று கண்ணைத் திறந்தார். "ஜெயில்! டர்கன் ஜெயிலுக்குப் போனதில்லை!"

"கவுன்ட்டி ஜெயில் போதுமா?"

"குடிச்சிட்டு நடைபாதையில படுக்கறவன் போற இடம் அது. சான் குவென்டின்னு போடு, பெரிய குத்தவாளிங்க ஜெயில். ரெண்டு வருஷம்."

"என்ன குத்தம்?" ஓட்டலில் இன்றைக்கு என்ன பலகாரம் இருக்கிறது என்று விசாரிக்கும் குரலில் ஆர்வில் கேட்டார்.

"கொலை?"

"கொலைக்கு ரெண்டு வருஷத்துல விட மாட்டாங்க," என்றேன் நான்.

"கார் திருட்டு?"

"எனக்குக் கார் ஓட்டத் தெரியாதே," என்றார் ஆர்வில் கவலையோடு.

"அப்ப ஆயுதம் காட்டிக் கொள்ளை. முடிஞ்சுது."

"யாருக்கும் அடி படலைன்னு ஒரு வரி சேத்துக்கலாமா, லைல்?"

"ஆர்வில்!"

"சரி, சரி."

வசந்தத்தில் புத்தகம் வந்தது. மருந்துக்கடைகளில் ஐஸ்கிரீம் மேடைக்குப் பக்கத்திலே சுழலும் கம்பித் தட்டில் நின்றது. அட்டையில் கிழிந்த பச்சைக் கவுன் பெண்ணொருத்தி. அவள் காலடியில், மஞ்சள் எழுத்தில், ஆர்வில் டக்கெட். ஹில் தெருக் கடையில் அவர் தட்டை மெதுவாகச் சுற்றிவிட்டு, தன் புத்தகம் கண்ணுக்கு நேரே வரும்போது நிறுத்துவதைப் பார்த்தேன். யாராவது தட்டைத் திருப்பினால் அவர்கள் போகும்வரை காத்திருந்து, மறுபடி சுற்றி நிறுத்துவார். அரை நாள் இந்த உத்தியோகம்.

விடுதியில் விளைவு உடனே தெரிந்தது. மிஸஸ் பிரிம்மர் பின்னட்டையைப் படித்த அன்றே வெள்ளிக் கரண்டிகள் அவர் படுக்கையறைக்குக் குடிபெயர்ந்தன. ஆனால் ஆர்வில் இரண்டு வருடமாகக் கெஞ்சிக் கேட்டுக் கிடைக்காத வெந்நீர் மூன்றாம் மாடிக்கு வர ஆரம்பித்தது. சாப்பாட்டு மேசையில் பெரிய இறைச்சித் துண்டு அவருக்கு வந்தது. வழக்கமாக அவர் நாற்காலியைப் பறித்துக்கொள்ளும் கோட்டுத் துணி விற்பனையாளர் எழுந்து நின்று, "உப்பு வேணுங்களா, மிஸ்டர் டக்கெட்?" என்றார். வயிற்றுப்புண்காரர் உப்பு சாப்பிடக் கூடாது. மறுக்கப் பயந்து போட்டுக்கொண்டார்.

இந்த நகரத்தில் ஒரு சட்டம் உண்டு. எங்கேயாவது பெருங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் ஊருக்குள் ஐந்து நாளுக்கு மேல் தங்கினால், காவல் துறையிடம் போய்ப் பெயரைப் பதிய வேண்டும். பதியாமல் இருப்பதே ஒரு குற்றம். காவல் நிலையத்தில் இதற்கென்று ஒரு பிரிவு; அதற்குப் பொறுப்பு சார்ஜென்ட் ஹாக்லண்ட். டிராமில் வீட்டுக்குப் போகும்போது துப்பறியும் கதை படிக்கிற மனிதர். ஒரு சாயங்காலம் ஆர்விலின் புத்தகம் அவர் கைக்கு வந்தது.

"கொலைகாரன் யாருன்னு மூணாவது பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு," என்று பின்னால் என்னிடம் சொன்னார். "பின்னட்டையிலதான் எதிர்பாராத திருப்பம் இருந்துச்சு."

மறுநாள் காலை ஆர்வில், கையில் மோர்ப் புட்டியோடு, காவல் நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டார்.

"சான் குவென்டின்ல ரெண்டு வருஷம். இந்த ஊர்ல பத்து வருஷம். ஏன் பதியலை?" என்றார் ஹாக்லண்ட்.

"நான் ஜெயிலுக்கே போனதில்லீங்க, சார்ஜென்ட்."

"இந்த நாற்காலியில உக்காந்தவன் எல்லாரும் அதைத்தான் சொன்னான்."

"அது சும்மா, பின்னட்டைக்காக..."

"அப்ப அச்சடிச்சிருக்கறது பொய்யா?"

ஆர்வில் பதில் சொல்வதற்குள் குரோகெட் ஒரு புகைப்படக்காரரோடு வந்து சேர்ந்துவிட்டார். மற்றப் பத்திரிகைகளின் நிருபர்கள் நாலு பேர் வாசலில் பென்சிலைக் கூர்தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

குரோகெட் அவரை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார். பக்கத்தில் நான் இருந்ததை அவர் பொருட்படுத்தவில்லை.

"கேட்டுக்க. பொய்யின்னு சொன்னா நாளைக்குத் தலைப்பு என்ன தெரியுமா? ‘முரட்டு எழுத்தாளர் மோர் குடிக்கிறார்.’ ஊரே சிரிக்கும். அடுத்த அச்சுல உன் பேரு இருக்காது, டர்கன் பேருதான் இருக்கும்."

"ஆமான்னு சொன்னா?"

"முப்பது நாள். அப்படி ஒரு விளம்பரம் காசு குடுத்தாலும் கிடைக்காது."

"ஜெயில் யாருக்கு?"

"உனக்குத்தான்யா. நான் உள்ள போயிட்டா யாரு அச்சடிப்பா?"

நான் ஆர்விலிடம் சொன்னேன்: "கைரேகையை சாக்ரமென்டோவுல இருக்கற குற்றப் பதிவகத்துக்கு அனுப்பியிருக்காங்க. ஒண்ணுமில்லைன்னு பதில் வரும். உண்மையைச் சொல்லிட்டு வீட்டுக்குப் போங்க. நாலு நாள் சிரிப்பாங்க, மறந்துடுவாங்க."

"அம்மா கடையில எம் பேரைப் பாத்துட்டாங்க," என்றார் ஆர்வில். "ரெண்டு புத்தகம் வாங்கிட்டாங்க. ஒண்ணு பாதிரியாருக்கு."

"பின்னட்டையைப் பாத்தாங்களா?"

"அதைக் கிழிச்சிட்டுத்தான் குடுத்தாங்களாம்."

அடுத்த நாள் நீதிமன்றம். வக்கீல் இல்லை. கைரேகைக்குப் பதில் வரவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்கிறவனுக்குக் கைரேகை எதற்கு? நீதிபதிக்கு அன்று பல்வலி. கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் மிஸஸ் பிரிம்மர், நல்ல தொப்பி போட்டுக்கொண்டு.

"ஒத்துக்கறீங்களா, இல்லையா?" என்றார் நீதிபதி.

ஆர்வில் எழுந்தார். கூட்டத்தைப் பார்த்தார். இத்தனை பேர் தன்னைப் பார்ப்பது அவருக்கு அதுவே முதல்தடவை. அது தலைக்கேறியிருக்க வேண்டும்.

"ஒத்துக்கறேன், கனம் நீதிபதி அவர்களே. இந்த ஊரு ஒரு மலிவான சாராயக்கடை மாதிரி. உள்ள வர்றவன் எவனும் நிஜப் பேரைச் சொல்றதில்லை."

நீதிபதி கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"முப்பது நாள். அந்த உவமைக்கு இன்னும் பத்து."

ஒரு வாரம் ஆர்வில் டக்கெட் நகரத்தின் மாவீரர். எல்லாப் பத்திரிகையிலும் அவர் படம். விலங்கு போட்ட கையால் தொப்பியை நெஞ்சில் அணைத்திருந்தார். அது ரத்தக்கறையை மறைக்கத்தான் என்று ஒரு காலைப் பத்திரிகை எழுதியது. குரோகெட் புத்தகத்துக்கு மேலே சிவப்புப் பட்டை ஒட்டினார்: ‘ஆசிரியர் இப்போது சிறையில்!’ தட்டுகள் காலியாயின.

சிறைக்குள்ளே அவர் வேஷம் ஒரு சாயங்காலம்கூடத் தாங்கவில்லை. நிஜமாகவே சான் குவென்டினில் இருந்த ஒருவன், "அங்கே எந்தப் பக்கம் இருந்தே?" என்று கேட்டிருக்கிறான். "தோட்டம் பக்கம்," என்றாராம் ஆர்வில். அன்றிலிருந்து, இந்தச் சாதுவுக்குப் பெயர் ‘பிஷப்’. சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மடிக்கக் கொடுத்தார்கள். மிக நேர்த்தியாக மடித்தார் என்று காவலர்கள் சொன்னார்கள்.

இரண்டாவது வாரத்தில் ஒரு மாதர் சபை மருந்துக்கடைகளுக்குப் படையெடுத்தது. ஹில் தெருக் கடைக்காரர் கம்பித் தட்டிலிருந்து ஆர்விலின் புத்தகங்களை உருவி அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தபோது நான் போனேன்.

"போன மாசம் விழுந்து விழுந்து வித்தீங்களே?"

"போன மாசம் அது விளம்பரம் சார். இப்ப நிஜமாவே உள்ள இருக்கான்ல?" என்றார். "கொலை, கொள்ளை, கள்ளக்காதல் எல்லாம் தாராளமா விக்கலாம். குழந்தைங்க ஐஸ்கிரீம் சாப்பிடற கடையில நிஜத் திருடன் பேரை வைக்க முடியுமா?"

குரோகெட் காற்றடிக்கும் திசையை மூக்கால் அறிகிறவர். பத்தே நாளில் புத்தகம் மறுபடி தட்டில் நின்றது. அதே பச்சைக் கவுன் பெண். உள்ளே அதே கதை, அதே அச்சுப்பிழைகள். காலடியில் மட்டும் ஸ்லேட் டர்கன். எதற்கு வம்பு என்று டர்கனையும் குளிப்பாட்டிவிட்டார்கள். திமிங்கலம் போயிற்று, மெக்சிகோ போயிற்று, மூன்று குண்டுகளும் வலிக்காமல் வெளியே எடுக்கப்பட்டன. ‘ஸ்லேட் டர்கன் ஓய்வுபெற்ற காப்பீட்டு அதிகாரி. மனைவியோடும் இரண்டு நாய்களோடும் வசிக்கிறார். ரோஜா வளர்ப்பதில் ஆர்வம் உடையவர்.’

அதே சமயம் சாக்ரமென்டோவிலிருந்து பதில் வந்தது: இந்தக் கைரேகைக்காரர் மீது ஒன்றுமே இல்லை. ஹாக்லண்ட் தன் மேலதிகாரியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது மாடி வரைக்கும் கேட்டது. நீதிமன்றத்தை ஏமாற்றியதற்கு ஆர்வில் மீது தனியாக நடவடிக்கை எடுக்கலாமா என்று நீதிபதி யோசித்தாராம். திரும்பக் கூட்டி வந்தால் திரும்பப் பேசுவான் என்று நினைத்து, விட்டுவிடச் சொன்னார்.

சிறைவாசலில் நான்தான் அவரைச் சந்தித்தேன். அட்டை மாறிய விஷயம் அவருக்குத் தெரியாது. எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. மோர் குடிக்க வேண்டும் என்றார். வழியில் ஒரு மருந்துக்கடையில் நுழைந்தோம். அவர் பழக்கத்தால் கம்பித் தட்டைச் சுற்றினார்.

புத்தகத்தை எடுத்தார். முன்னட்டையைப் பார்த்தார். பின்னட்டையைப் படித்தார். நாய்கள் வரை படித்தார்.

"வாங்க," என்றார். மோரைத் தொடவில்லை.

குரோகெட் இரு கையையும் விரித்து வரவேற்றார். "வாய்யா, வா! கொஞ்சம் வெளுத்திருக்கே, நல்லாத்தான் இருக்கு. அடுத்த டர்கன் கதை திங்கக்கிழமை வேணும்."

"எம் பேரு எங்கே, லைல்?"

"உன் பேரு ஜெயிலுக்குப் போன பேரு. ஒருத்தனும் கடையில வைக்க மாட்டேங்கறான்."

"ஜெயிலுக்குப் போனதே இல்லைன்னு கைரேகை வந்துடுச்சே!"

"அப்ப பொய் சொன்ன பேரு. அது இன்னும் மோசம்."

"நீ சொல்லித்தானே சொன்னேன்?"

"ஆமா, சொன்னேன். கணக்குத் தப்பிப்போச்சு. வியாபாரம்னா அப்படித்தான். உக்காரு, சாண்ட்விச் வரவழைக்கறேன்."

ஆர்வில் குரோகெட்டின் தாடையில் குத்தினார்.

பத்து வருடத்தில் அவர் எழுதிய குத்துகள் ஆயிரத்துக்குக் குறையாது. ஆனால் முஷ்டி மடக்கும்போது கட்டைவிரல் வெளியே இருக்க வேண்டும் என்பது அந்த ஆயிரத்தில் ஒன்றிலும் வரவில்லை. அவர் அதை உள்ளே வைத்து மடக்கியிருந்தார். ‘டக்’ என்று ஒரு சத்தம். குரோகெட் குப்பைக்கூடைக்குள் உட்கார்ந்தார். ஆர்வில் அலறினார். அடித்தவன் துடிக்க, அடிவாங்கியவன் கூடையிலிருந்து, "ஐஸ் வையி, யாராவது ஐஸ் கொண்டாங்க!" என்று கத்திய சண்டையை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் ஆர்வில், வீங்கிய கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நேரே காவல் நிலையத்துக்கு நடந்தார். மெயின் தெரு வழியாக. துணைக்குக் காத்திருக்கவில்லை, நான்தான் பின்னால் ஓடினேன்.

"சார்ஜென்ட், நான் ஒருத்தரை அடிச்சிட்டேன். எழுதிக்குங்க. ஆர்வில் டக்கெட், ரெண்டு ‘டி’."

ஹாக்லண்ட் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தன் சாண்ட்விச்சைப் பார்த்தார். "வீட்டுக்குப் போங்க, மிஸ்டர் டக்கெட்."

"சத்தியமா அடிச்சேன்! இவரு சாட்சி!"

நான் ஆமாம் என்றேன்.

"நிருபர் சாட்சி சொல்றாரு," என்றார் ஹாக்லண்ட், பக்கத்து மேசையிடம். "யோவ், உன் பேச்சை நம்பி நான் பட்டது போதும். இனிமே நீ பிணத்தைத் தோள்ல தூக்கிட்டு வந்து நான்தான் கொன்னேன்னு சொன்னாலும், முதல்ல பிணத்தைத்தான் விசாரிப்பேன்."

அந்த நேரத்தில் குரோகெட்டே வந்து சேர்ந்தார், தாடையில் ஐஸ் பையோடு. வழக்கு என்று போனால் டர்கன் யார் என்பது பத்திரிகையில் வந்துவிடும் என்ற பயம்.

"உங்களை யார் அடிச்சாங்க?" என்றார் ஹாக்லண்ட்.

"யாரும் அடிக்கலை. கதவுல இடிச்சுக்கிட்டேன்."

"பொய்!" என்று கத்தினார் ஆர்வில். "நான்தான் அடிச்சேன்!"

"கதவு," என்றார் குரோகெட்.

"பாவம், கதவு," என்றார் ஹாக்லண்ட்.

நான் இதை எட்டு வரியில் எழுதிக் கொடுத்தேன். செய்தி ஆசிரியர் படித்துவிட்டு, நம்பும்படியாக இல்லை என்று கூடையில் போட்டார்.

ஆர்வில் அந்தத் திங்கட்கிழமைக்குக் கதை கொடுக்கவில்லை. அதற்குப் பிறகும் கொடுக்கவில்லை. இப்போது ஸ்பிரிங் தெருவில் ஒரு விதைக்கடையில் இருக்கிறார். டர்கனின் கதை மட்டும் அந்த மாதமும் சரியான தேதியில் வந்தது. எழுதியவர் பசடினாவில் குழந்தைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுக்கும் ஒரு பெண்மணி. ஏழு பிணங்கள்.

அந்த இதழை ஆர்வில் ஒரு தெருமுனைக் கடையில் நின்றபடி முழுக்கப் படித்தார். கட்டுப் போட்ட கட்டைவிரலால் பக்கம் புரட்ட முடியவில்லை. நான் புரட்டிக் கொடுத்தேன்.

"ஆள் மாறிட்டாங்கன்னு வாசகர் யாராவது எழுதிக் கேட்டாங்களா?" என்றார்.

குரோகெட்டின் அலுவலகத்தில் நான் அதை விசாரித்திருந்தேன்.

"யாரும் கேக்கலை."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட."

ஆர்வில் இதழை மூடி, இருந்த இடத்திலேயே, எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கா, பாவி," என்றார்.